எங்க மாடு

மாயக்கண்ணனுக்குச் சோறு போட்டது இங்கிலீஷ். கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் கம்பும் கேழ்வரகும் விதைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் அவன். எப்படியோ மெட்ரிகுலேஷன் வரை படித்து, மாஜிஸ்திரேட் துரையின் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். சாட்சி சொல்கிற தமிழைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை பேசுகிற இங்கிலீஷைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. துரை முகாம் போகிற ஊருக்கெல்லாம் அவனும் பின்னாலேயே வண்டியில் போவான். எந்தச் சொல்லுக்கும் தடுமாற மாட்டான் என்று பெயர் வாங்கியிருந்தான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், கோடை தொடங்குகிற சமயம், துரை காரைக்குடிப் பக்கம் முகாம் வந்தார். ஊருக்குப் புதியவர், இளவயது. அதிகாரிகள் தங்குகிற முசாபரி பங்களாவின் தாழ்வாரத்தில் மேஜை போட்டு வழக்குக் கேட்டார். அன்றைய வழக்கு ஆவரேந்தல் மாட்டு வழக்கு.

ஆவரேந்தல் கிராமத்தின் வழியாக ஜில்லா போர்டு ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. சர்வே சங்கிலி பிடித்துக்கொண்டிருந்த சின்னக்கருப்பனை ஒரு கறுத்த காரிக் காளை தொடையில் குத்திவிட்டது. அவன் நாட்டு வைத்தியனிடம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தான், புகார் கொடுக்கவில்லை. கொடுத்தது ஓவர்சியர். அந்த மாடு நிற்கிற பக்கம் கூலியாட்கள் போகப் பயப்படுகிறார்கள், வேலை நின்றுபோயிற்று என்று எழுதியிருந்தார். மாடு மத்தியான வேளையில் கோட்டைச்சாமி என்பவரின் தொழுவில் படுத்திருந்ததைக் கண்ணால் கண்டதாகவும் எழுதியிருந்தார். ஆகவே வழக்கில் கோட்டைச்சாமி எதிரி.

தன் கைவசமுள்ள மிருகத்தால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவனுக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. மாடு குத்தியது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. கேட்கவேண்டியது ஒன்றுதான். மாடு யார் கைவசம் இருந்தது?

கோட்டைச்சாமி மேஜைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். உழுது உழுது முதுகு சற்றே முன்பக்கம் சாய்ந்த உடம்பு. ஆவரேந்தல் ஆட்கள் ஆணும் பெண்ணுமாக வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாடு யாரோடது?" என்று துரையின் கேள்வியை மாயக்கண்ணன் தமிழில் கேட்டான்.

"எங்க மாடுங்க."

மாயக்கண்ணன் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக அவன் எழுதிய இங்கிலீஷ் வாக்கியம், எங்க அப்பா விவசாயம் பார்க்கிறார் என்பது. தமிழில் இருந்தபடியே பன்மையில் எழுதினான். வாத்தியார் பிரம்பை எடுத்துவிட்டார். "ஏண்டா, உங்கப்பன் உனக்கு அப்பனா, ஊருக்கே அப்பனா? மை என்று போடு" என்று உள்ளங்கையில் இரண்டு வைத்தார். தமிழன் எங்க என்று சொன்னால் இங்கிலீஷ்காரனுக்கு அது மை. எங்க அம்மா, எங்க வீடு, எங்க வீட்டுக்காரி, எல்லாம் அப்படித்தான். அன்றிலிருந்து அந்த விதி அவனைக் கைவிட்டதில்லை.

"மாடு என்னுடையது என்கிறான்" என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னான். துரை எழுதிக்கொண்டார்.

"தீனி யார் போடுறது?"

"நாங்கதாங்க போடுறோம். பருத்திவிதை, புண்ணாக்கு, கஞ்சித்தண்ணி, இருக்குறதப் போடுவோம்."

நான் போடுகிறேன் என்று போயிற்று.

"படுக்குறது எங்கே?"

"வெயில் நேரம் எங்க தொழுவுல வந்து படுக்கும். நெழல் இருக்குல்ல."

என் தொழுவில் படுக்கிறது என்று போயிற்று. துரைக்குத் திருப்தி. இவ்வளவு நேர்மையாக ஒத்துக்கொள்கிற எதிரியை அவர் இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்று மாயக்கண்ணனிடம் சொல்லவும் செய்தார்.

வாக்குமூலத்தை, கொடுத்தவனுக்கே அவன் பாஷையில் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கவேண்டும். மாயக்கண்ணன் காகிதத்தைக் கையில் எடுத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி உரக்கப் படித்தான்.

"அந்த மாடு என்னுடையது. நான் அதற்குத் தீனி போடுகிறேன். அது என்னுடைய தொழுவில் படுக்கிறது. சரிதானே? இந்தா, இங்கன ரேகை வை."

மையில் தோய்ந்த கட்டைவிரலைக் கோட்டைச்சாமி நீட்டிவிட்டு, அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யாருங்க இதைச் சொன்னது?"

"நீதானப்பா சொன்னே."

"நான் சொல்லலைங்களே. என் மாடுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? நாக்கு அழுகிப் போகாதா? அது அய்யனாருக்கு விட்ட மாடுங்க. எங்க மாடுன்னேன். இந்தா, அந்த மரத்தடியில இருக்காகளே, அவுகளைக் கேளுங்க. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக."

மாயக்கண்ணனுக்குக் காது சூடேறியது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். அவன் சொன்ன இங்கிலீஷில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் கோட்டைச்சாமி சொன்னது எதுவுமே இல்லை. அதட்டி ரேகை வாங்கிவிடலாம். தாழ்வாரத்தில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

துரை பக்கம் திரும்பி, "சார், தப்பு நடந்துவிட்டது. இவன் மேல் தப்பில்லை. என் மொழிபெயர்ப்பில்" என்றான்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வாக்கியத்தில்?"

"எல்லா வாக்கியத்திலும், சார். ஒரே தப்புத்தான்."

துரை கோபக்காரர் அல்ல. புதிய தாள் ஒன்றை எடுத்தார். "சரி. அவனுடையது இல்லையென்றால் வேறு யாருடையது?"

அங்கேதான் மாயக்கண்ணன் தன் வாழ்நாளில் முதல்முறையாக இங்கிலீஷில் தடுமாறினான். சொந்தக்காரன் பெயருக்குப் பின்னால், தலைக்கு மேல் சின்னக் கொக்கி ஒன்று போட்டு ஒரு எஸ் எழுதினால் பொருள் அவனுடையதாகிவிடும். உயிருள்ளவர்களுக்குக் கொக்கி போடலாம்; கல்லுக்கும் மண்ணுக்கும் ஆஃப் போடவேண்டும். இதுவும் வாத்தியார் சொன்னதுதான். ஆனால் கொக்கியை மாட்ட ஒரு பெயர் வேண்டுமே. ஊருக்கு மாட்டலாமா? ஊர் உயிருள்ளதா, இல்லாததா? அய்யனாருக்கு மாட்டினால்?

"கிராமத்தினுடைய மாடு, சார்."

"கிராமத்தில் யாருடைய?"

"எல்லாருடையதும். கடவுளுக்கு விட்டது."

"கடவுளுடையது என்றால் கோயிலுக்குத் தர்மகர்த்தா யார்?"

மாயக்கண்ணன் கேட்டுச் சொன்னான். கோயில் என்று கட்டடம் இல்லை. மரத்தடியில் அய்யனார் இருக்கிறார். தர்மகர்த்தா யாரும் கிடையாது. படையலை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போடுகிறார்கள்.

துரை ஊர்த் தலைவரான அம்பலம் வீரணனைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்க மாடு என்றார் வீரணன். இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். எங்க மாடு. கடைசியாகக் குத்துப்பட்டவனையே கூப்பிட்டார். சின்னக்கருப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். அவன் பக்கத்து ஊர்க்காரன், ஆவரேந்தல் ஆள் இல்லை.

"நம்ம மாடுதாங்க. ரோட்டுல வெடி வச்சாக. மெரண்டு ஓடிவந்துச்சு, நான் குறுக்க நின்னுட்டேன். அம்புட்டுத்தான்."

மாயக்கண்ணன் சொல்லவேண்டியதைச் சொன்னான். துரையின் புருவம் உயர்ந்தது. "குத்துப்பட்டவனும் சொந்தக்காரன்தானா?"

"அப்படியில்லை, சார். தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. கேட்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் எங்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்."

"அவன் பேசுவது என்னிடம். அப்படியானால் என்னையும் சேர்த்திருக்கிறானா?"

மாயக்கண்ணன் தயங்கினான். "இலக்கணப்படி ஆமாம், சார்."

துரைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனால் சட்டம் சிரிப்பில் முடிகிற விஷயம் இல்லை. மெல்ல, ஒவ்வொரு சொல்லாக மாயக்கண்ணனுக்குச் சொன்னார். கோட்டைச்சாமியின் கைவசம் மாடு இல்லை, ஆகவே அவர் விடுதலை. எந்த ஒருவனும் தன்னுடையது என்று சொல்லாததால் மாடு உடையவனில்லாத மிருகம். ஆளைக் குத்துகிற மிருகம் உடையவன் இல்லாமல் பொது ரோட்டில் திரிவதை விட்டுவைக்க முடியாது. போலீஸை விட்டு அதைச் சுட்டுவிட வேண்டும்.

மாயக்கண்ணன் மரத்தடியை நோக்கி நின்று அதைத் தமிழில் சொன்னான். சொல்லி முடித்தபோது யாரும் அழவில்லை, சத்தமும் போடவில்லை. சொன்னது விளங்கவில்லை போலும் என்று இன்னொரு முறை சொன்னான். விளங்கித்தான் இருந்தது. வீரணன் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் சொல்ல வேண்டிய சொல் எது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

விடுதலையான கோட்டைச்சாமி இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அய்யா, ஒருத்தர் பேரு இருந்தாச் சுட மாட்டாகளா?"

"சுட மாட்டாங்க. ஆனா அந்த ஒருத்தர் ஜெயிலுக்குப் போகணும்."

"அப்ப எழுதிக்கிருங்க. என் மாடு."

மரத்தடியில் ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றாள். அது அவருடைய மனைவி மலையம்மாள். மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.

"மாடு தன்னுடையது என்கிறான், சார்."

துரை மாயக்கண்ணனையே சற்று நேரம் பார்த்தார். "இந்தத் தடவை மொழிபெயர்ப்பு சரியா?"

"சரிதான், சார்" என்றான் மாயக்கண்ணன். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. காலையில் அவன் தவறாகச் சொன்ன அதே வாக்கியம்தான் இப்போது சரியாகிவிட்டது. ஆனால் அப்போதும் அது பொய், இப்போதும் பொய். துரைக்கும் அது தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது. துரை எழுதினார், கோட்டைச்சாமி என்ற பெயரை எழுதி, மேலே கொக்கியைப் போட்டு, எஸ் எழுதி, அதன் பக்கத்தில் மாட்டை எழுதினார். தண்டனை, கடின வேலை இல்லாத வெறுங்காவல் ஒரு மாதம். ரோட்டு வேலை முடிகிறவரை உடையவன் வீட்டில் மாட்டைக் கயிறு போட்டுக் கட்டிவைக்க வேண்டும்.

இந்த முறை கோட்டைச்சாமி ரேகையை வைத்துவிட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதம் முழுவதும் மாயக்கண்ணனுக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. தப்பை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அப்போதும் கோட்டைச்சாமி ஜெயிலுக்குத்தான் போயிருப்பார். ஆனால் குமாஸ்தா செய்த அநியாயம் என்று ஊர் சொல்லியிருக்கும், அவர் வாயால் அந்தச் சொல் வந்திருக்காது. தான் நேர்மையாக நடந்துகொண்டதால் அந்த மனுஷன் பொய் சொல்ல நேர்ந்தது. இதில் எது நல்லது, எது கெட்டது என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

விடுதலை நாளன்று லீவு போட்டுவிட்டு, வண்டியோடு சிவகங்கை ஜெயில் வாசலில் நின்றான். கோட்டைச்சாமிக்கு ஆச்சரியம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு ஏறிக்கொண்டார்.

"என்னாலதான் உங்களுக்கு இவ்வளவும்" என்றான் மாயக்கண்ணன். கச்சேரியில் நீ என்றவன் இப்போது நீங்கள் என்றான்.

"தப்பாச் சொன்னதத் திருத்திச் சொன்னீக. அதுல என்ன குத்தம் இருக்கு?" என்றார் கோட்டைச்சாமி. கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். "உள்ள கெடந்தப்ப ஒண்ணு யோசிச்சேன். பொஞ்சாதிய எங்க வீட்டுக்காரிங்கிறேன். மகன எங்க பயங்கிறேன். காடு கரையும் எங்க காடுதான். என்னுதுன்னு நான் எதைத்தான் சொல்லியிருக்கேன்னு பாத்தா, வகுத்து வலி ஒண்ணுதான். என் வகுறு வலிக்குதும்பேன். எங்க வகுறுன்னு சொல்ல மாட்டேன்."

மாயக்கண்ணன் சிரித்துவிட்டான். கோட்டைச்சாமியும் சிரித்தார். ஆனால் ஊர் எல்லையில் அந்தச் சிரிப்பு நின்றது. ஊருணிக் கரையில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற இரண்டு பெண்கள் வண்டியில் இருப்பது யார் என்று பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். "கோட்டைச்சாமி மாடு காலையில இருந்து கத்துது, தண்ணி காட்டலையோ என்னமோ" என்றாள் ஒருத்தி.

கோட்டைச்சாமி மாடு. துரை போட்ட கொக்கி தமிழிலும் வந்து மாட்டிக்கொண்டதா என்று மாயக்கண்ணன் திகைத்தான். ஒரு மாதமாக மாடு அவர் வீட்டுக் கட்டுத்தறியில் நின்றது. தீனி போட்டதும் அந்த வீட்டு ஆள்தான். வேறு எப்படிச் சொல்வார்கள்? கோட்டைச்சாமி வண்டியிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே அய்யனார் மரத்தடிக்கு நடந்தார்.

வீரணன் அம்பலமும் ஊராரும் கூடினார்கள். கோட்டைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாமி மாட்ட என்னுதுன்னு சொன்னேன். குத்தந்தான். என்ன சொல்லுறீகளோ செய்யுறேன்."

மாயக்கண்ணன் குறுக்கிட்டான். தாழ்வாரத்தில் நடந்ததை, தன் தப்பு முதலாக, ஒன்றுவிடாமல் சொன்னான். "அவங்க சட்டத்துல ஒரு பொருள் ஒருத்தர்கிட்ட இருக்கணும், இல்லைன்னா யாருகிட்டயும் இல்லை. நடுவுல வேற இடம் இல்லை. இவரு அப்படிச் சொல்லலைன்னா மாடு இல்லை."

"அது எங்களுக்கும் தெரியுந்தம்பி" என்றார் வீரணன். "நானே சொல்லியிருக்கணும். அம்பலம்னு பேரு வச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். உசுரக் காப்பாத்தச் சொன்ன சொல்லுதான். ஆனாலும் சொல்லு சொல்லுதான? சாமி முன்னால திருப்பிச் சொல்லிரட்டும்."

கோட்டைச்சாமி ஊருணியில் முழுகி, ஈரத்துணியோடு வந்து மண்ணில் விழுந்து கும்பிட்டார். "இது என் மாடு இல்ல. எங்க மாடு" என்று உரக்கச் சொன்னார். வீரணன் அவர் பக்கத்தில் நின்று தானும் ஒரு முறை சொன்னார். ஏன் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

ரோட்டு வேலை அந்த ஊரைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. எல்லாருமாகக் கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனார்கள். வீரணன் கயிற்றை அவிழ்த்தார். காளை தலையை ஆட்டிப் பார்த்தது, இரண்டு அடி நடந்தது, திரும்பி வந்து கட்டுத்தறியிலேயே படுத்துக்கொண்டது. விரட்டிப் பார்த்தார்கள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாயக்கண்ணன் வண்டியேறினான்.

மழைக்காலம் முடிந்த பிறகு வேறொரு முகாமுக்குப் போகும் வழியில் ஆவரேந்தலில் வண்டியை நிறுத்தினான். கோட்டைச்சாமி காட்டுக்குப் போயிருந்தார். மலையம்மாள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அவனை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டுத்தறி வெறுமையாக இருந்தது.

"மாடு போயிருச்சா?" என்று கேட்டான்.

"லேசுல போகலைங்க. அவுத்துவிட்ட பெறகும் இங்கனயேதான் கெடந்துச்சு. ஒரு மாசம் என் கையால தின்னு பழகிருச்சுல்ல. அவுக, தீனி போடாதன்னுட்டாக. எப்பிடி இருக்கும் சொல்லுங்க. வாசல்ல வந்து நின்னு கத்தும். நான் படலைச் சாத்திட்டு உள்ள போயி உக்காந்துக்கிருவேன். எலும்பு தெரிய எளைச்சுப் போச்சு. பசி தாங்காம ஒரு நா அம்பலத்து வீட்டுப் பக்கம் போயி நின்னுச்சு. அவரு பொஞ்சாதி அக்கம்மாக்கா கஞ்சித்தண்ணி வச்சாக. அதுக்கப்புறம் ஒவ்வொரு வீடா ஏறி எறங்க ஆரம்பிச்சிருச்சு."

"இங்கே வர்றதில்லையா?"

"வரும், மத்த வீட்டுக்கு வாராப்புல." அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வந்தா நானும் ஒரு கை போடுவேன். இன்னைக்கு எந்த வாசல்ல நிக்குதோ தெரியலைங்க. நாங்க தேடுறதில்ல."

மாயக்கண்ணன் மோரைக் குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.